வயதுக்கு ஏழு, ஆண் என்பதற்கு ஒன்று: 4சி இறப்பு அபாய மதிப்பெண் குறித்த மதிப்பாய்வு

கொரோனா தொற்றுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒருவருக்கு உயிராபத்து எந்த அளவில் இருக்கிறது என்பதை, எட்டே எட்டு விவரங்களைக் கொண்டு ஓர் எண்ணாகச் சொல்லும் கணிப்பான்தான் 4சி இறப்பு அபாய மதிப்பெண். பிரிட்டனின் ஐசாரிக் 4சி ஆய்வுக் கூட்டமைப்பு இதை உருவாக்கி, 2020 செப்டம்பரில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியிட்டது. இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். உள்நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் என்ற முறையில் இதைத் தொடர்ந்து கையாண்டு வந்திருக்கிறேன்; நல்ல கருவி என்றே சொல்வேன். ஆனால் அது தரும் மொத்த எண்ணைவிட, அந்த எண்ணுக்குள் வயதும் பாலினமும் எப்படிச் சேர்கின்றன என்பதே இங்கு நான் பேச விரும்புவது. அதிகபட்சமான 21 மதிப்பெண்களில் வயதுக்கு மட்டும் 7 வரை ஒதுக்கப்பட்டுள்ளது. ஆண் என்பதற்கு 1. இவ்விரண்டு எண்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர், வயதுதான் எல்லாம், பாலினம் பெயருக்குச் சேர்க்கப்பட்டது என்று எண்ணிக்கொள்வது இயல்பு. பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்கள் பலர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறான புரிதல் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு இடம் கொடுத்தது கருவியின் கணக்கு அல்ல. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பயன்படுத்துபவருக்குச் சொல்லாமல் விட்டதுதான்.

முதலில் அடித்தளத்தைப் பார்ப்போம். 2020 பிப்ரவரி 6 முதல் மே 20 வரை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளின் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 35,463 பேரின் விவரங்களிலிருந்து மதிப்பெண் வகுக்கப்பட்டது. பின்னர் மே 21 முதல் ஜூன் 29 வரை சேர்க்கப்பட்ட 22,361 பேரிடம் அது சரிபார்க்கப்பட்டது. ஆய்வில் பங்கேற்ற மருத்துவமனைகள் 260. முதல் தொகுதியில் 32.2 சதவீதம் பேர் இறந்தார்கள். அந்தத் தொகுதியினர் அனைவரின் இடைநிலை வயது 73. பெண்கள் ஏறத்தாழப் பத்தில் நால்வர். சரிபார்ப்புத் தொகுதியில் இறந்தவர் ஒருவரையும் பிழைத்தவர் ஒருவரையும் இணையாக வைத்து ஒப்பிட்டால், இறந்தவருக்கே கூடுதல் மதிப்பெண் கொடுப்பதில் இக்கருவி நூற்றுக்கு 77 முறை சரியாக இருந்தது. படுக்கையருகே விரல்விட்டுக் கூட்டிவிடக்கூடிய ஒரு கணக்கு இவ்வளவு தூரம் வருவது பெரிய சாதனை. அதே தரவுகளைக் கொண்டு கணினி தானே கற்றுக்கொண்ட சிக்கலான மாதிரிகள்கூட இதைவிடச் சற்றுதான் மேலாக இருந்தன.

கையாண்டு பார்த்தால் முதலில் மனத்தில் பதிவது அதன் சிக்கனம். எந்த வார்டிலும் சேர்க்கையன்றே கிடைத்துவிடும் விவரங்களைத் தவிர வேறு எதையும் அது கேட்பதில்லை. வயது 50-க்குக் கீழ் என்றால் 0, 50 முதல் 59 வரை 2, 60 முதல் 69 வரை 4, 70 முதல் 79 வரை 6, 80-ம் அதற்கு மேலும் 7. பிறப்பின்போது ஆண் என்றால் 1. இணைநோய் ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 2. சுவாசம் நிமிடத்துக்கு 20 முதல் 29 வரை என்றால் 1, 30-ம் அதற்கு மேலும் 2. கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல் அளக்கும்போது ஆக்சிஜன் செறிவு 92 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் 2. முழு நினைவுக்கு 15 தரும் கிளாஸ்கோ அளவுகோலில் நினைவு 15-க்குக் குறைந்தால் 2. யூரியா 7 முதல் 14 வரை 1, 14-க்கு மேல் 3. உடலின் அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சி.ஆர்.பி. 50 முதல் 99 வரை 1, 100-ம் அதற்கு மேலும் 2. கூட்டுத்தொகை 3 வரை குறைந்த அபாயம், 4 முதல் 8 வரை இடைநிலை, 9 முதல் 14 வரை அதிகம், 15-ம் அதற்கு மேலும் மிக அதிகம். சரிபார்ப்புத் தொகுதியில் இந்த நான்கு பிரிவுகளிலும் இறந்தவர்கள் முறையே 1.2, 9.9, 31.4, 61.5 சதவீதம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். பல ஆய்வகங்கள் யூரியாவை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றே அறிக்கையில் தருகின்றன; கருவி கேட்பதோ லிட்டருக்கு மில்லிமோல் அளவு. மில்லிகிராம் எண்ணை ஆறால் வகுத்தால் போதும்: 42 என்பது 7, 84 என்பது 14. அறிக்கையில் 36 என்று இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால், யூரியாவுக்காக ஒரு மதிப்பெண்கூடப் பெறத் தேவையில்லாதவர் மூன்று பெற்றுவிடுவார். ஆண் என்பதற்குக் கொடுக்கப்படும் இடத்தைப்போல் மூன்று மடங்கை ஓர் அலகுப் பிழை விழுங்கிவிடும். இணைநோய்ப் பட்டியலிலும் கவனம் வேண்டும். நீரிழிவு, நாட்பட்ட இதய, சிறுநீரக, நுரையீரல், கல்லீரல் நோய்கள், மறதிநோய், புற்றுநோய், மருத்துவர் கண்டறிந்த உடல்பருமன் ஆகியவை கணக்கில் வரும். உயர் ரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் வாரா. பழக்கத்தில் ரத்த அழுத்தத்தையும் சேர்த்து எண்ணிவிடுகிறவர்களை நான் அடிக்கடிப் பார்க்கிறேன்.

இனி வயதுக்கு வருவோம். மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தாலே சில முடிவுகள் தாமாக வெளிப்படுகின்றன. 60 வயதைத் தொட்ட எவரும், அவருடைய மற்ற ஏழு விவரங்களும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், குறைந்த அபாயப் பிரிவுக்குள் வரவே முடியாது. வயதுக்கே 4 வந்துவிடுகிறது. 50-களில் இருக்கும் ஆண் வாசலில் நுழையும்போதே 3 மதிப்பெண்ணுடன் நுழைகிறார். நீரிழிவு ஒன்று இருந்தாலே இடைநிலைக்குப் போய்விடுவார். 80 கடந்த ஆணுக்குத் தொடக்கமே 8. மூச்சு கொஞ்சம் வேகமாக ஓடினாலும் அதிக அபாயம். மறுபுறம், 50-க்குக் கீழ் உள்ளவரால் 14-ஐத் தாண்டவே இயலாது. 45 வயது ஆண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நீரிழிவும் உடல்பருமனும் உண்டு, நிமிடத்துக்கு 34 முறை மூச்சு வாங்குகிறார், ஆக்சிஜன் 84, நினைவு மங்கியிருக்கிறது, யூரியா 16, சி.ஆர்.பி. 220. இதைவிட மோசமாக ஒருவர் வந்து சேர முடியாது. ஆனாலும் இவருடைய கூட்டுத்தொகை 14-தான். மிக அதிகம் என்ற பிரிவு இவருக்கு மூடப்பட்ட கதவு. இதே நிலையில் பெண் வந்தால் 13.

இது கருவியின் பிழை என்று சொல்லிவிட முடியாது. 2020இன் முதல் அலையில் இளையவர்கள் உண்மையிலேயே அவ்வளவு அதிகமாகப் பிழைத்தார்கள். ஆன்ட்ரூ லெவின் குழுவினர் அந்த ஆண்டில் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தபோது, தொற்று ஏற்பட்டவர்களில் இறப்பவர்கள் 10 வயதில் 0.002 சதவீதம், 25 வயதில் 0.01, 55 வயதில் 0.4, 65 வயதில் 1.4, 75 வயதில் 4.6, 85 வயதில் 15 சதவீதம் என்று கண்டார்கள். இரண்டு பத்தாண்டுகளுக்குள் பத்து மடங்கு ஏறும் வளைவு அது. அத்தகைய ஏற்றத்தை எந்த மதிப்பெண் முறை பிடிக்க முயன்றாலும் வயதுக்குப் பெரும்பங்கு கொடுத்தே ஆக வேண்டும். என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. 49 வயது 364 நாளில் 0 பெறுபவர் மறுநாள் 2 பெறுகிறார். ஆனால் 80 வயதினரும் 95 வயதினரும் ஒரே 7-இல் நிற்கிறார்கள். லெவினின் எண்களில் 75-க்கும் 85-க்கும் இடையில் அபாயம் மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. இந்தக் கருவியிலோ 70-களிலிருந்து 80-க்கு ஏறினால் கிடைப்பது ஒரே ஒரு கூடுதல் மதிப்பெண். மருத்துவமனைக்குள் வந்துவிட்டவர்களிடம் வயதின் சரிவு மட்டுப்படுவது ஒரு காரணம். மிக முதியவர்களில் பலர் மருத்துவமனைக்கே கொண்டுவரப்படவில்லை என்பதும் மறக்கக் கூடாத காரணம். இவ்விரண்டையும் அறியாமல் 80-க்கு மேற்பட்ட எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பது, நடமாடித் தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ளும் 82 வயதுப் பெரியவருக்கும் நியாயம் செய்வதில்லை, படுக்கையில் இருக்கும் 96 வயதுப் பெரியவருக்கும் நியாயம் செய்வதில்லை.

பாலினத்துக்குக் கொடுக்கப்பட்ட அந்த ஒற்றை மதிப்பெண்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 64 வயதுப் பெண், நீரிழிவு மட்டும் உண்டு, சுவாசம் 24, ஆக்சிஜன் 94, நினைவு தெளிவு, யூரியா 5, சி.ஆர்.பி. 120. வயதுக்கு 4, இணைநோய்க்கு 1, சுவாசத்துக்கு 1, சி.ஆர்.பி.க்கு 2 என மொத்தம் 8. இடைநிலை அபாயம். அதே வயதில் அதே அளவுகளுடன் வரும் அவருடைய கணவருக்கு 9. அதிக அபாயம். பிரிவுகளின் சராசரியைப் பார்த்தால் 9.9 சதவீதத்திலிருந்து 31.4 சதவீதத்துக்குத் தாவியதுபோலத் தெரியும். உண்மையில் 8-க்கும் 9-க்கும் இடையிலுள்ள வேறுபாடு அவ்வளவு பெரிதல்ல, 31.4 என்பது 9 முதல் 14 வரை பெற்ற எல்லோருக்குமான சராசரி. ஆகவே பிரிவின் பெயரை மட்டும் படிப்பவருக்கு இந்த ஒற்றை மதிப்பெண் ஓரிடத்தில் மிகைப்பட்டுத் தெரியும், வேறோர் இடத்தில் ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும். கருவியின் இணையப் பக்கத்தில் பிரிவின் பெயரை விட, அந்தந்த மதிப்பெண்ணுக்குரிய இறப்பு விகிதமே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சரி, ஏன் ஒன்று மட்டும்? இங்கிலாந்தில் 1 கோடியே 72 லட்சம் பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த ஓப்பன்சேஃப்லி ஆய்வில், மற்ற காரணிகளைச் சரிசெய்த பிறகும், பெண்களைவிட ஆண்களுக்குக் கொரோனாவால் இறக்கும் அபாயம் 1.59 மடங்காக இருந்தது. ஐசாரிக் குழுவினரே 20,133 உள்நோயாளிகளை வைத்து 2020 மே மாதம் வெளியிட்ட ஆய்வில், ஆண்களின் இறப்பு அபாயத்தை 1 என்று கொண்டால் பெண்களுடையது 0.81, திருப்பிச் சொன்னால் ஆண்களுக்கு ஏறத்தாழ 1.23 மடங்கு. மக்கள்தொகை முழுவதிலும் பார்த்தால் பெரிதாக இருக்கும் வேறுபாடு, மருத்துவமனை வாசலைத் தாண்டியவர்களிடம் மட்டும் பார்த்தால் சுருங்கிவிடுகிறது. 31 லட்சத்துக்கும் மேற்பட்ட தொற்றாளர்களின் விவரங்களைத் தொகுத்து அதே ஆண்டு டிசம்பரில் வெளியான மற்றோர் ஆய்வு இந்தச் சித்திரத்தை நிறைவு செய்கிறது: தொற்று ஏற்படுவதில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமம், தீவிர சிகிச்சை தேவைப்படுவதில் பெண்களை 1 என்று கொண்டால் ஆண்களின் வாய்ப்பு விகிதம் 2.84, இறப்பதில் 1.39.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த ஒற்றை மதிப்பெண்ணின் பொருள் விளங்கும். வைரஸ் இருவரையும் ஒரே அளவில்தான் பிடிக்கிறது. அதற்குப் பிறகு, நோய் முற்றும் கட்டத்தில்தான் ஆணின் பாதை பிரிகிறது. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களில் ஆண்கள் அதிகமாக இருந்தார்கள் என்பதே அந்தப் பிரிவின் முதல் விளைவு. வந்த பிறகு அவருடைய சி.ஆர்.பி. உயர்ந்திருக்கிறது, மூச்சு வேகமாக ஓடுகிறது, ஆக்சிஜன் குறைந்திருக்கிறது, இதய நோயோ நீரிழிவோ கூடவே வந்திருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் கருவி தனியாக மதிப்பெண் கொடுத்துவிட்டது. ஆண் என்பதால் ஏற்பட்ட பாதகத்தின் பெரும்பகுதி அந்தக் கட்டங்களுக்குள் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. எல்லாவற்றையும் கழித்த பிறகும் எஞ்சி நிற்பதுதான் அந்த 1. ஆகவே, பாலினத்துக்கு ஒன்றுதானே என்று வாசிப்பது தவறு. எல்லாவற்றையும் அளந்த பிறகும் பாலினத்துக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று வாசிப்பதே சரி.

அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி இந்த மதிப்பெண் வெளியான காலத்திலேயே அருமையான ஆய்வுகள் வந்தன. யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகியின் குழுவினர் 2020இல் நோயாளிகளின் ரத்தத்தை ஒப்பிட்டபோது, ஆண்களிடம் ஐ.எல்.-8, ஐ.எல்.-18 போன்ற அழற்சிப் பொருள்கள் அதிகமாகவும், பெண்களிடம் வைரஸை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்களின் எழுச்சி வலுவாகவும் இருந்தன. ஆண்களில் டி செல்களின் செயல்பாடு வயது கூடக்கூடத் தளர்ந்தது. அவ்வாறு தளர்ந்தவர்களுக்கே நோய் முற்றியது. வயதும் பாலினமும் தனித்தனியே இயங்குபவை அல்ல, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பவை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை. அதே ஆண்டில் ழான் லோரான் காசனோவாவின் குழுவினர், உயிருக்கு ஆபத்தான நிலையிலிருந்த 987 பேரில் 101 பேருக்கு, உடலின் முதல் வைரஸ் தடுப்பான இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருந்ததைக் கண்டார்கள். அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் 65 வயதைக் கடந்தவர்கள். லேசான தொற்றுடனோ அறிகுறியே இல்லாமலோ தப்பிய 663 பேரில் ஒருவருக்கும் அது இல்லை. நோயே வராதவர்களிடமும் 70 வயதுக்குப் பிறகு இத்தகைய எதிர்ப்பொருள்கள் காணப்படும் விகிதம் கூர்மையாக உயர்கிறது என்பது அடுத்த ஆண்டு தெரியவந்தது. முதிய ஆண் என்ற சேர்க்கை ஏன் இவ்வளவு ஆபத்தானதாக இருந்தது என்பதற்கு இங்கே ஒரு பிடி கிடைக்கிறது.

இளம் ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைரஸின் மரபுப்பொருளை உணர்ந்து எச்சரிக்கை எழுப்பும் டி.எல்.ஆர்.7 என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு அதன் ஒரே பிரதிதான்; அது பழுதானால் மாற்று இல்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2020இல் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த, அதுவரை ஆரோக்கியமாக இருந்த நான்கு இளைஞர்களிடம் இந்தப் பழுதைக் கண்டார்கள். நால்வருக்கும் கடுமையான கொரோனா. இதை அறிந்த பிறகு, 30 வயது இளைஞர் மூச்சுத்திணறலுடன் வந்து, கருவி 5 என்று காட்டும்போது நான் அந்த எண்ணோடு நின்றுவிடுவதில்லை. அண்ணன் தம்பிகளில் யாருக்காவது இப்படிக் கடுமையாக வந்ததா என்று கேட்கிறேன். ஆண் ஹார்மோன்தான் காரணம் என்ற எளிய விளக்கமும் அப்போது வலுவாகப் பேசப்பட்டது. ஆனால் அந்த ஹார்மோனை அடக்கும் டெகரெலிக்ஸ் மருந்தை அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களான 96 ஆண் உள்நோயாளிகளிடம் நடத்திய சோதனை எந்தப் பயனையும் காட்டவில்லை. புகைப்பழக்கம், தொழில், மருத்துவரிடம் தாமதித்து வருவது ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. கருவியில் உள்ள 1 இவை அனைத்தையும் சேர்த்து மூட்டையாகக் கட்டியது.

இதில் எனக்குள்ள முதன்மையான அதிருப்தி, வயதையும் பாலினத்தையும் வெறுமனே கூட்டுவதுதான். 35 வயது ஆணுக்கும் 1, 65 வயது ஆணுக்கும் 1, 90 வயது ஆணுக்கும் 1. பல நாடுகளின் இறப்புப் பதிவுகளில் ஆண்–பெண் இடைவெளி நடுத்தர வயதின் பிற்பகுதியில் விரிந்து, மிக முதிர்ந்த வயதில் சுருங்குவதைக் காணலாம். மற்ற கருவிகள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டன என்பதை ஒப்பிடுவது பயனுள்ளது. நிமோனியாவுக்காக 2003இல் வந்த கர்ப்-65 பாலினத்தைக் கேட்பதே இல்லை; வயதையும் 65-க்கு மேலா கீழா என்று ஒரே கோட்டால் பிரித்து ஒரு மதிப்பெண் தருகிறது. 1997இல் வந்த நிமோனியா தீவிரக் குறியீடு வேறு வழியை எடுத்தது: ஆணுக்கு வயது எத்தனையோ அத்தனை மதிப்பெண், பெண்ணுக்கு வயதிலிருந்து 10 கழித்துக்கொள்ள வேண்டும். அதாவது 74 வயதுப் பெண்ணும் 64 வயது ஆணும் ஒரே நிலையில் தொடங்குகிறார்கள். கட்டங்களாக வெட்டாமல் ஒவ்வோர் ஆண்டையும் கணக்கில் எடுக்கும் அந்த முறை எனக்கு இன்றும் பிடித்தமானது. ஆனால் 20 விவரங்கள் வேண்டும் என்பதால் இரவுப் பணியில் யாரும் அதை முழுமையாகப் போடுவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் முன்னின்று உருவாக்கிய க்யூகோவிட் இன்னும் ஒரு படி மேலே போய், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சூத்திரங்களையே வகுத்தது. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தில் 17 லட்சம் பேர் பாதுகாப்புப் பட்டியலில் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது அதன் அடிப்படையில்தான். அது மருத்துவமனைக்கு வராதவர்களுக்கான கருவி, பின்னணியில் கணினி வேண்டும். இது வார்டுக்கான கருவி, காகிதமே போதும். எளிமைக்காக 4சி கொடுத்த விலைதான் இந்தக் கூட்டல். அந்த விலை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது பயன்படுத்துபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கருவி கேட்காத கேள்விகளில் எனக்கு மிகவும் உறுத்துவது கர்ப்பம். 29 வயதுக் கர்ப்பிணிக்கு வயதுக்கு 0, பாலினத்துக்கு 0, இணைநோய்க்கு 0. மூச்சு 26, சி.ஆர்.பி. 60 என்றால் மொத்தம் 2; குறைந்த அபாயம். அதே வயதிலுள்ள மற்றப் பெண்களைவிடக் கர்ப்பிணிகளுக்குத் தீவிர சிகிச்சை அதிகமாகத் தேவைப்பட்டது என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்த உண்மை. பெண் என்பதால் கிடைக்கும் 0, பெண்ணுக்கு மட்டுமே வரக்கூடிய ஓர் அபாயத்தை மறைத்துவிடும் இடம் இது. பக்கத்தில் ஒரு வரி எச்சரிக்கை சேர்த்தாலே போதும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இது உரியதல்ல. தடுப்பூசி பற்றிய கேள்வி இல்லை. இருக்கவும் முடியாது, தரவுகள் திரட்டப்பட்ட காலம் அப்படி. ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெதசோன் உயிர்காக்கும் என்று பிரிட்டனின் ரிகவரி ஆய்வு அறிவித்தது 2020 ஜூன் 16-ஆம் தேதி, ஆகவே 31.4, 61.5 போன்ற எண்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய உலகத்தின் எண்கள். யார் யாரைவிட ஆபத்தில் இருக்கிறார் என்ற வரிசையை இன்றைக்கும் நம்பலாம். சதவீதத்தை அப்படியே நம்பக் கூடாது. ஆக்சிஜன் அளவைப் பற்றியும் ஒரு சொல்: பல்ஸ் ஆக்சிமீட்டர் கருமையான தோல் உடையவர்களிடம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டக்கூடும் என்பது 2020 டிசம்பரில் வெளியான ஆய்விலிருந்து பரவலாக அறியப்பட்டது, 92, 93 என்று விளிம்பில் நிற்கும் எண்ணுக்கு நான் அந்த 2 மதிப்பெண்ணைச் சேர்த்தும் ஒருமுறை கூட்டிப் பார்ப்பதுண்டு.

வேறு வைரஸ்களுக்கு இதைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வயதுக்கு 7, ஆண் என்பதற்கு 1 என்ற விகிதம் கொரோனாவுக்கு உரியது. எல்லாச் சுவாச வைரஸ்களுக்கும் பொதுவானது அல்ல. 1918 இன்ஃப்ளூயன்ஸா 20 முதல் 40 வயது வரையிலானவர்களை வாரிக்கொண்டு போனது. அங்கே 50-க்குக் கீழ் என்றால் 0 என்பது கொடுமையான தவறாகியிருக்கும். 2009 எச்1என்1 பரவலில் முதியவர்களில் பலருக்குப் பழைய தொற்றுகளிலிருந்து ஓரளவு தற்காப்பு இருந்தது. கர்ப்பிணிகளோ அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 சதவீதமாக இருந்தும் அந்நாட்டின் எச்1என்1 இறப்புகளில் ஏறத்தாழ 5 சதவீதமாக இருந்தார்கள். ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸ் வாழ்வின் முதல் மாதங்களையும் முதுமையையும் சேர்த்துத் தாக்குகிறது. குழந்தைகளில் ஆண் குழந்தைகளுக்குச் சற்றே அதிகம். ஒவ்வொரு வைரஸுக்கும் தனி வளைவு உண்டு.

உடன்பிறப்பான 4சி நலிவு மதிப்பீட்டைப் பற்றிக் குறிப்பிட வேண்டும். அதே குழுவினர் 2021இல் வெளியிட்டது. 11 விவரங்களைக் கேட்டு, இறப்பை மட்டுமன்றித் தீவிர சிகிச்சைக்கான தேவையையும் முன்னறியப் பார்க்கிறது. லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் மார்பு எக்ஸ்-ரேயும் அதில் சேர்கின்றன. 50-க்குக் கீழ் உள்ளவர்களைப் பொறுத்தவரை எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. அவர்களிடம் நாம் அஞ்ச வேண்டியது இறப்பைவிட முதலில் சரிவைத்தான்.

வார்டில் இந்த மதிப்பெண்ணை நான் எழுதும் முறை ஒன்று உண்டு. பக்கத்தை வடிவமைத்தவர்கள் அதைக் கருவிக்குள்ளேயே கொண்டுவந்தால் நன்றாக இருக்கும். 81 வயது ஆண், ஆக்சிஜன் 90, சுவாசம் 22, மற்றவை இயல்பு: மொத்தம் 11. 48 வயதுப் பெண், இணைநோய் இல்லை, சுவாசம் 32, ஆக்சிஜன் 86, நினைவு மங்கல், யூரியா 15, சி.ஆர்.பி. 130: இவருக்கும் 11. முதலாமவருடைய கேஸ் ஷீட்டில் 8+3 என்றும் இரண்டாமவருடையதில் 0+11 என்றும் எழுதுகிறேன். கூட்டல் குறிக்கு முன்னால் இருப்பது வயதும் பாலினமும். பின்னால் இருப்பவற்றில் இணைநோயைத் தவிர மற்ற ஐந்தும் சிகிச்சையால் மாறக்கூடியவை. அடுத்த நாள் காலையில் பெரியவருடைய ஆக்சிஜன் 95-க்கு வந்துவிட்டால் அவருக்கு 8+1. கருவி அவரை இப்போதும் அதிக அபாயம் என்றுதான் காட்டும். உறவினர்களிடம் பேசும்போது அந்தப் பெயரைச் சொல்லாமல், நேற்று மூன்றாக இருந்தது இன்று ஒன்றாகிவிட்டது என்று சொல்கிறேன்.